நிறமி நகரும் வழி: தோல் நிறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். தோல் பற்றிப் பேச ஆரம்பித்தாலே வகுப்பில் கேள்விகள் குவியும். பாதிக்கு மேல் வீட்டிலிருந்து வருபவை: பாட்டி சொன்னது, விளம்பரத்தில் பார்த்தது, பெற்றோர் கூட்டம் முடிந்ததும் அம்மாக்கள் ஓரமாக அழைத்துக் கேட்பது. அதே சந்தேகங்கள் ஆண்டுதோறும் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துத் தொகுத்திருக்கிறேன். நிறமி எவ்வளவு உண்டாகிறது என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது எங்கே நகர்த்தப்படுகிறது, யாரிடம் கைமாறுகிறது என்பதைப் பார்த்தால் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

"தோலுக்கு நிறம் கொடுக்கிறது மெலனின்னு தெரியும். அது தோல்ல எங்க இருக்கு?"

மெலனினை உண்டாக்குவது மெலனோசைட் என்ற செல். மேல்தோலின் அடிவரிசையில், சுமார் பத்து செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் அது உட்கார்ந்திருக்கும். அதன் உடலிலிருந்து மெல்லிய கிளைகள் நாலாபக்கமும் நீண்டு, சுற்றியிருக்கும் கெரட்டினோசைட்களின் இடுக்குகளில் நுழைந்திருக்கும். மேல்தோலின் பெரும்பகுதி இந்தக் கெரட்டினோசைட்கள்தான். ஒரு மெலனோசைட் ஏறத்தாழ 36 கெரட்டினோசைட்களுக்கு நிறமி கொடுக்கிறது.

மெலனின் செல்லுக்குள் சாயம்போலக் கரைந்து கிடப்பதில்லை. மெலனோசோம் என்ற சவ்வுப் பைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பை ஏறத்தாழ அரை மைக்ரான் அளவு. பைக்குள் முதலில் புரத இழைகள் அடுக்கப்படும். அப்புறம் டைரோசினேஸ் என்ற நொதி வந்து சேர்ந்து, டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றத் தொடங்கும். நான்கு கட்டங்கள் தாண்டி முழுக்கக் கருத்த பைதான் பயணத்துக்குத் தயார். இடையில் உண்டாகும் வேதிப்பொருட்கள் வெளியே கசிந்தால் செல்லுக்கே கெடுதல் என்பதால், எல்லாம் பைக்குள்ளேயே நடக்கிறது.

"கருப்பா இருக்கிறவங்களுக்கு மெலனோசைட் அதிகமா இருக்குமா?"

இல்லை. உடம்பில் அதே இடத்தை எடுத்துக்கொண்டால், எல்லா நிறத்தவருக்கும் மெலனோசைட்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு மெலனோசோம்களில் இருக்கிறது: எத்தனை உண்டாகின்றன, எவ்வளவு பெரியவை, எந்த வகை மெலனின், கைமாறிய பிறகு எப்படிப் பரவி நிற்கின்றன. கருத்த தோலில் மெலனோசோம்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை. வெளுத்த தோலில் அவை சிறியவை, ஒரே சவ்வுக்குள் கொத்தாகக் கட்டப்பட்டு விரைவில் சிதைக்கப்படுபவை.

ஆக, நிறம் என்பது பெருமளவு விநியோகத்தின் விளைவு. இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். அடுத்து வருவதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

"மெலனோசோம் தானா நகருமா, இல்ல ஏதாவது இழுத்துட்டுப் போகுதா டீச்சர்?"

இழுத்துக்கொண்டு போகிறது. செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற நீண்ட புரதக் குழாய்கள் மையத்திலிருந்து கிளை நுனிகளை நோக்கி ஓடுகின்றன. அவை நெடுஞ்சாலை என்றால், செல்லின் விளிம்பில் நெருக்கமாகப் பின்னியிருக்கும் ஆக்டின் இழைகள் ஊருக்குள் இருக்கும் தெருக்கள். இந்தச் சாலைகளில் சுமை தூக்குபவை மோட்டார் புரதங்கள். கைனசின் நுண்குழலின் மேல் வெளிப்பக்கமாக நடக்கும். டைனீன் அதே நுண்குழலில் மையத்தை நோக்கி நடக்கும். தெருக்களில் வேலை செய்வது மயோசின் 5ஏ.

'நடக்கும்' என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. கைனசினுக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒன்றை மாற்றி ஒன்று எடுத்து வைத்து, ஒரு அடிக்கு 8 நானோமீட்டர் முன்னேறுகிறது. ஒவ்வொரு அடிக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. மயோசின் 5ஏ-யின் அடி இன்னும் பெரிது, ஏறத்தாழ 36 நானோமீட்டர்.

"ஒரே மெலனோசோம்ல ரெண்டு மோட்டாரும் எதிரெதிரா இழுத்தா எங்க போகும்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தவளை செல்களிலிருந்து கிடைத்தது. மீன், தவளை போன்றவற்றின் நிறமிச் செல்லுக்கு மெலனோஃபோர் என்று பெயர். ஆப்பிரிக்காவின் ஜெனோபஸ் தவளையிலிருந்து எடுத்த மெலனோஃபோர்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால், நிறமிப் பைகள் எல்லாம் மையத்தில் குவிவதையும், திரும்ப விளிம்புவரை பரவுவதையும் நுண்ணோக்கியில் நேரிலேயே பார்க்கலாம். கைனசின், டைனீன், மயோசின் மூன்றும் அந்தப் பைகளின் மேலேயே இருக்கின்றன. திசை மாற வேண்டுமென்றால் மோட்டாரைக் கழற்றி மாட்டத் தேவையில்லை. எது வேலை செய்யட்டும் என்ற கட்டளை மாறினால் போதும்.

அந்தக் கட்டளை சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவில் இருக்கிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஆல்ஃபா எம்எஸ்ஹெச் ஹார்மோன் செல்லின் மேல் ஒட்டியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி கூடும், பைகள் பரவும், தோல் கருக்கும். அது குறைந்தால் டைனீனின் கை ஓங்கி, பைகள் மையத்துக்கு இழுக்கப்பட்டு, தோல் வெளுக்கும். பிட்யூட்டரியின் பங்கு வெகுகாலம் முன்பே தெரிந்துவிட்டது. 1916இல் தலைப்பிரட்டைகளின் பிட்யூட்டரியை எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அவை வெள்ளிபோல வெளுத்துப் போனதைக் கண்டார்கள்.

"விளிம்புக்குப் போன மெலனோசோம் திரும்பி வராம எப்படி அங்கயே நிக்குது?"

பாலூட்டிகளின் மெலனோசைட்டில் இதுதான் முக்கியமான கட்டம். நுண்குழலில் பைகள் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டேதான் இருக்கும். நுனிக்கு வந்த பையை யாராவது பிடித்து வைக்காவிட்டால் டைனீன் திரும்ப உள்ளே கொண்டு போய்விடும். பிடித்து வைக்கும் வேலையை மூன்று புரதங்கள் சேர்ந்து செய்கின்றன: பையின் சவ்வில் ஒட்டியிருக்கும் ராப்27ஏ, அதைப் பற்றிக்கொள்ளும் மெலனோஃபிலின், மெலனோஃபிலினைப் பற்றிக்கொள்ளும் மயோசின் 5ஏ. மயோசினின் கால் விளிம்பில் இருக்கும் ஆக்டின் இழையில் இருப்பதால் பை அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

இந்த மூன்றையும் கண்டுபிடிக்க உதவியவை எலிகள். சாம்பல் சாயலோடு வெளிறிய மயிர் கொண்ட மூன்று எலி வகைகளை ஆராய்ச்சிக்கூடங்களில் வெகுகாலமாக வளர்த்து வந்தார்கள். ஒன்றில் மயோசின் 5ஏ பழுது (மரபணு 1991இல் தெரிந்தது), இன்னொன்றில் ராப்27ஏ பழுது (2000), மூன்றாவதில் மெலனோஃபிலின் பழுது (2001). மூன்றிலும் மெலனின் குறையில்லாமல் உண்டாகிறது, செல்லின் கிளைகளும் சரியாக நீள்கின்றன. பைகள் மட்டும் செல்லின் நடுவே இருக்கும் உட்கருவைச் சுற்றிக் குவிந்து கிடக்கின்றன. 1998இல் மயோசின் இல்லாத செல்லைப் படம் பிடித்துப் பார்த்தபோது, பைகள் நுனிவரை ஓடிப் போய்ப் பிடிப்பார் இல்லாமல் திரும்பி வருவது தெரிந்தது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த சோதனை அதுதான்.

ரஷ்யன் புளூ என்று விற்கிறார்களே, அந்தச் சாம்பல் நிறப் பூனைக்கும் இதே காரணம்: மெலனோஃபிலின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது.

"மனுஷங்களுக்கும் இந்த மாதிரி பழுது வருமா?"

வரும், ஆனால் மிக அரிது. 1978இல் பிரான்சில் க்ளோட் கிரிசெல்லியும் உடனிருந்தவர்களும் விவரித்ததால் அதற்குக் கிரிசெல்லி நோய் என்று பெயர். குழந்தைக்குத் தலைமுடி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மினுங்கும். ஒரு முடியை நுண்ணோக்கியில் வைத்தால் நிறமி சீராகப் பரவாமல் அங்கங்கே கட்டியாகத் தெரியும். மூன்று வகை உண்டு. முந்தைய பதிலில் சொன்ன மூன்று புரதங்களில் எது பழுதோ அதைப் பொறுத்து வகை மாறும்.

மெலனோஃபிலின் பழுதானால் நிறத்தோடு சரி. மயோசின் 5ஏ நரம்புச் செல்களிலும் தேவைப்படுவதால், அது பழுதானால் மூளை வளர்ச்சி பாதிக்கும். ராப்27ஏ பழுதுதான் மிக ஆபத்து. நோய்க்கிருமி புகுந்த செல்களைக் கொல்லும் டி செல்கள், தங்கள் நச்சுப் பைகளை வெளியே விட அதே ராப்27ஏ-யைத்தான் பயன்படுத்துகின்றன. அது இல்லாவிட்டால் நோய் எதிர்ப்பே நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்தாகும். இதற்குக் குணமளிக்கும் சிகிச்சை எலும்பு மஜ்ஜை மாற்று. அதனால் கைக்குழந்தைக்கு வெள்ளிச் சாம்பல் முடியும் அடிக்கடி காய்ச்சலும் சேர்ந்து இருந்தால், 'அழகா இருக்கே' என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

"அல்பினிசம் இதுதானே?"

இல்லை. அல்பினிசத்தில் மெலனின் உண்டாவதே தடைபடுகிறது. பெரும்பாலும் டைரோசினேஸோ அது போன்ற உற்பத்திப் புரதமோ பழுது. கிரிசெல்லியில் உற்பத்தி சரி, போக்குவரத்துதான் கெட்டிருக்கிறது.

"நுனியில நிக்கிற பை பக்கத்து செல்லுக்கு எப்படிப் போகும்? நடுவுல ரெண்டு சவ்வு இருக்கே?"

மெலனோசைட் மெலனின் உருண்டையை வெளியே தள்ள, கெரட்டினோசைட் அதை விழுங்குகிறது என்பது ஒரு கருத்து. பையோடு சேர்த்துச் சவ்வுத் துண்டு பிய்ந்து விழ, அதை விழுங்குகிறது என்பது இன்னொன்று. கிளை நுனியையே கெரட்டினோசைட் கடித்து எடுக்கிறது என்றும், இரண்டு செல்லுக்கும் நடுவே மெல்லிய பாலம் உண்டாகிறது என்றும் வேறு இரண்டு கருத்துகள். எல்லாவற்றுக்கும் சோதனைச் சான்று இருப்பதால் விவாதம் இன்னும் ஓயவில்லை. சூழ்நிலைக்குத் தகுந்தபடி ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் நடக்கலாம் என்பதே என் எண்ணம்.

வாங்குகிற செல் சும்மா இருப்பதில்லை என்பது மட்டும் உறுதி. கெரட்டினோசைட்டின் மேல் பார்-2 என்ற ஏற்பி, அதாவது சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம், இருக்கிறது. அதைத் தூண்டினால் அதிகம் விழுங்கும், அடக்கினால் குறைவாக விழுங்கும்.

"வாங்கின செல் அதை என்ன பண்ணும்?"

தன் உட்கருவுக்கு மேலே கொண்டு போய்க் குவிக்கும். இதையும் டைனீன்தான் செய்கிறது. வெயில் வரும் பக்கமாக, கருவின் தலைமேல் மெலனின் கூடி நிற்பதை நிறமித் தொப்பி என்கிறார்கள். புற ஊதாக் கதிர் கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ-யை அடையுமுன் இந்தத் தொப்பி அதை உறிஞ்சிக்கொள்ளும். தோலின் நிறம் நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது செல்லுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் கவலை டிஎன்ஏ உடையக் கூடாது என்பது. 1979இல் வெளியான ஓர் ஆய்வு, கருத்த மேல்தோல் தானாகத் தரும் பாதுகாப்பை ஏறத்தாழ எஸ்பிஎஃப் 13 என்றும், வெளுத்த மேல்தோலுக்கு 3 சொச்சம் என்றும் அளந்தது.

மெலனோசோம் தனித்தனியாக நிற்பதா கொத்தாக நிற்பதா என்பதை முடிவு செய்வதில் வாங்குகிற செல்லுக்கும் பங்கு உண்டு. 2001இல் கருத்த தோலின் கெரட்டினோசைட்களையும் வெளுத்த தோலின் கெரட்டினோசைட்களையும் தட்டில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நிறமி எந்த நிறத்தவரிடமிருந்து வந்தாலும், கருத்த தோலின் கெரட்டினோசைட் பெரும்பாலும் தனித்தனியாகவும் மற்றது கொத்தாகவும் அடுக்கின.

"மீன், தவளை எல்லாம் சீக்கிரமா நிறம் மாறுது. நமக்கு ஏன் முடியல?"

நாம் நிறமியைக் கொடுத்துவிடுகிறோம்; அவை தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. மெலனோஃபோர் தன் பைகளைத் தனக்குள்ளேயே விரிப்பதும் சுருக்குவதுமாக இருப்பதால், நினைத்தபோது திரும்ப இழுக்கலாம். நம் மெலனோசைட்டில் பை ஒருமுறை கெரட்டினோசைட்டுக்குப் போய்விட்டால் திரும்பி வர வழியே கிடையாது. அந்தச் செல் மேலே ஏறி, செத்து, உதிரும்வரை நிறமியும் அதோடுதான் போகும். இந்த ஒருவழிப் பயணத்தை நினைவில் வையுங்கள். கீழே பல கேள்விகளுக்கு விடை இதுதான்.

மீன் தவளையைவிட வேகம். மீனின் மெலனோஃபோருக்கு நரம்பு நேராகப் போகிறது. நரம்பு விடும் நார்அட்ரினலின் பட்டதும் ஓரிரு நிமிடத்தில் பைகள் மையத்தில் குவிந்துவிடும். தவளை இரத்தத்தில் வரும் ஹார்மோனை நம்பியிருப்பதால் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், வெள்ளைத் தரையில் வெளிறிய மீன் கருப்பு மணல் போட்டதும் கருத்துவிட்டதே என்று கேட்பார்கள். நோய் இல்லை, மீன் கண்ணால் தரையைப் பார்த்து நிறமியைப் பரப்பிக்கொள்கிறது.

"அப்ப பச்சோந்தியும் இப்படித்தானா?"

ஓரளவுதான். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மடகாஸ்கர் பச்சோந்தியை ஆராய்ந்தவர்கள், அதன் தோலில் ஒரு வகைச் செல்லுக்குள் குவானின் படிகங்கள் நுணுக்கமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். படிகங்களின் இடைவெளி கூடினால் பச்சை மஞ்சளாகிறது. அதாவது பளிச்சென்ற மாற்றம் ஒளி சிதறும் விதத்தால் வருகிறது. கருப்பதும் வெளிறுவதும் மட்டும் மெலனோஃபோரின் வேலை. ஆக்டோபஸும் கணவாயும் முற்றிலும் வேறு: நிறமிப் பையைச் சுற்றியிருக்கும் தசைகள் அதை இழுத்து அகலமாக்குகின்றன. அதனால்தான் அவற்றின் நிறம் நொடிக்குள் மாறுகிறது.

"மெலடோனின் மாத்திரை போட்டா வெளுக்கும்னு வீடியோல சொன்னாங்களே?"

மனிதத் தோலில் நடக்காது. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. மாட்டின் மூளையில் இருக்கும் பீனியல் சுரப்பியின் சாறு தலைப்பிரட்டையை வெளுக்க வைக்கிறது என்று 1917இலேயே கண்டுபிடித்தார்கள். அந்தச் சாற்றில் இருப்பது என்ன என்று தேடியவர் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஏரன் லெர்னர். மனிதத் தோல் நோய்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையோடு ஏராளமான மாட்டுச் சுரப்பிகளைச் சேகரித்துப் பிரித்து, 1958இல் மெலடோனினைக் கண்டுபிடித்தார். தவளையின் மெலனோஃபோரில் மெலடோனின் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைத்துப் பைகளை மையத்துக்கு இழுக்கிறது. நம் நிறமியோ ஏற்கெனவே கெரட்டினோசைட்டில் இருக்கிறது. இழுக்க அங்கே என்ன மிச்சம்? இன்று மெலடோனினை நாம் அறிவது தூக்கத்தோடு தொடர்புள்ள ஹார்மோனாக.

"வெயில்ல ஒரு நாள் போனா கருத்துடறேன், போக மட்டும் ஏன் ஒரு மாசத்துக்கு மேல ஆகுது?"

கருப்பது இரண்டு கட்டம். வெயில் பட்ட சில நிமிடங்களில் வருவது யூவிஏ என்ற புற ஊதாக் கதிரின் வேலை: இருக்கிற மெலனின் ஆக்சிஜனேற்றம் அடைந்து அடர்ந்து தெரியும், இருக்கிற பைகள் கொஞ்சம் இடம் மாறும். இது பெரும்பாலும் அன்றே தணிந்துவிடும். இரண்டாவது கட்டம் இரண்டு மூன்று நாள் கழித்து வரும். யூவிபி என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர் கெரட்டினோசைட்டின் டிஎன்ஏ-யை உடைக்கிறது. உடைந்ததை உணரும் பி53 என்ற புரதம் ஆல்ஃபா எம்எஸ்ஹெச்சை உண்டாக்கச் சொல்கிறது. அது பக்கத்து மெலனோசைட்டில் ஒட்டி சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றுகிறது. தவளையில் இதே சமிக்ஞை பைகளை உடனே பரப்பும். நம்மிடம் அது டைரோசினேஸ் உற்பத்தியைக் கூட்டி, கிளைகளை நீட்டி, கைமாற்றத்தை அதிகமாக்குகிறது. ஆதலால் நாள் பிடிக்கிறது.

போவதற்கு மாதமாவது அந்த ஒருவழிப் பயணத்தால். நிறமி வாங்கிய செல் உதிர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கிடையில் திரும்பவும் வெயிலில் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரே நாளில் 'டேன்' போக்கும் என்று விற்பவை, மேலே இருக்கும் செத்த செல் அடுக்கைத் தேய்த்து எடுக்கின்றன, அவ்வளவுதான்.

"உள்ளங்கை மட்டும் ஏன் வெளுப்பா இருக்கு?"

உள்ளங்கை, உள்ளங்காலில் மேல்தோலுக்குக் கீழே இருக்கும் அடித்தோலின் செல்கள் டிகேகே1 என்ற புரதத்தை நிறையச் சுரக்கின்றன. அது மெலனோசைட்களின் வளர்ச்சியையும் வேலையையும் அடக்குவதோடு, கெரட்டினோசைட் நிறமி வாங்குவதையும் குறைக்கிறது. அங்கே மெலனோசைட்களே ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மேல் அடுக்கும் தடிமன்.

"கர்ப்பத்துல குங்குமப்பூ பால் குடிச்சா குழந்தை சிவப்பா பிறக்குமா?"

பிறக்காது. குழந்தையின் நிறத்தைத் தீர்மானிப்பவை இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் பல மரபணுக்கள். உதாரணமாக எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணு. 2005இல் வரிக்குதிரை மீனின் பொன்னிற வகையை ஆராய்ந்தபோது அதன் பங்கு தெரிந்தது. வெளுப்புக்குக் காரணமான அதன் மாற்று வடிவம் தெற்காசியாவிலும் பரவலாக இருக்கிறது. இப்படிப் பல மரபணுக்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு விதமாகக் கலப்பதால் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நிறம், தங்கை ஒரு நிறம். பாலில் கரைந்த எதுவும் அந்தக் கலவையை மாற்றாது.

பிறந்தபோது வெளுப்பாக இருந்த குழந்தை மாதங்கள் போகப் போகக் கருப்பதும் இயல்பு. நிறமி உற்பத்தி பிறந்த பிறகுதான் முழு வேகம் எடுக்கிறது. 'குளிப்பாட்டினது சரியில்லை, வெயில்ல காட்டினே' என்று தாயைக் குறை சொல்லும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மார்கள்மேல் எந்தத் தவறும் இல்லை.

"குழந்தையோட முதுகுக்குக் கீழ நீலமா ஒரு திட்டு இருக்கு. அடிபட்டதா?"

பெரும்பாலும் இல்லை. குழந்தை வயிற்றில் கருவாக இருக்கும்போது மெலனோசைட்கள் முதுகுத் தண்டுப் பக்கமிருந்து கிளம்பி மேல்தோலுக்கு நகர்ந்து வருகின்றன. சில செல்கள் வழியிலேயே ஆழத்தில் தங்கிவிட்டால், அங்கே இருக்கும் மெலனின் மேலிருந்து பார்க்க நீலமாகத் தெரியும். நம் ஊர்க் குழந்தைகளுக்கு மிகச் சாதாரணம். சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

"பரு போயிடுச்சு, கருப்புத் தழும்பு போகல. மங்கும் அப்படித்தானா?"

பரு அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சி மெலனோசைட்டைத் தூண்டி அதிக நிறமியைக் கைமாற்ற வைக்கிறது. அது மேல்தோலில் மட்டும் இருந்தால், வெயில் கேள்வியில் சொன்னபடி செல் உதிர உதிர மங்கும். பருவைக் கிள்ளியதில் அடிவரிசை கிழிந்தால், மெலனின் கீழே அடித்தோலுக்குள் சிந்தும். அங்கே செல்கள் உதிர்வதில்லை. மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். பச்சை குத்திய மை போகாமல் நிற்பதற்கும் இதே செல்கள்தான் காரணம். பருவைக் கிள்ளாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

மங்கில் ஹார்மோனும் வெயிலும் சேர்ந்து வேலை செய்கின்றன. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் கூடுவது அதனால். நம்மைப் போன்ற நிறத்தவருக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்த்த, லேசான மண்நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் சாதாரண சன்ஸ்கிரீனைவிட உதவும்.

"நியாசினமைடு க்ரீம் உண்மையிலேயே வேலை செய்யுமா? சிவப்பழகு க்ரீம்?"

நியாசினமைடு செய்யும், அளவோடு. அது மெலனின் உற்பத்தியைத் தொடுவதில்லை; மெலனோசைட்டிலிருந்து கெரட்டினோசைட்டுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது. 2002இல் வெளியான ஆய்வில், இரண்டு செல்களையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது கைமாற்றம் 35 முதல் 68 சதவீதம் குறைந்தது. தழும்பு மங்க உதவும். நிறுத்தினால் கைமாற்றம் பழையபடி ஆகும். உங்கள் பிறவி நிறத்தை அது மாற்றாது.

பெயர் தெரியாத டப்பாக்களில் வரும் 'ஒரு வாரத்தில் சிவப்பு' க்ரீம்கள் வேறு சங்கதி. பலவற்றில் பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ இருக்கிறது. பாதரசம் டைரோசினேஸை முடக்கி வெளுக்க வைக்கும், கூடவே தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அவர்களை இணைத்த பொதுவான விஷயம் முகத்துக்குப் போட்ட க்ரீம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும், இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பிள்ளைகள் இதைப் பையில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. வாங்கியிருந்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

"வெண்புள்ளியும் நிறமி நகராததாலயா?"

இல்லை. வெண்புள்ளியில் உடலின் டி செல்களே மெலனோசைட்களைத் தாக்கி அழித்துவிடுகின்றன. நகர்த்த ஆளே இல்லை. தொற்றாது, தொழுநோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சிகிச்சை பலன் கொடுக்கும்போது வெள்ளைத் திட்டுக்குள் முடிக்கால்களை (முடி முளைக்கும் குழிகளை) சுற்றிச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளாக நிறம் திரும்புவதைப் பார்க்கலாம், ஏனென்றால் மெலனோசைட்டின் மூலச் செல்கள் முடிக்காலில்தான் ஒளிந்திருக்கின்றன. முடியில்லாத விரல் நுனியிலும் உதட்டிலும் நிறம் திரும்புவது கடினம் என்பதும் அதனால்தான்.

"அதிர்ச்சியில ஒரே ராத்திரியில தலை நரைக்குமா?"

வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாதது. வேரில் வளரும்போதே அதற்குள் மெலனோசோம்கள் ஏற்றப்பட்டுவிட்டன. திரும்ப எடுக்க முடியாது. இனிமேல் வளரும் பகுதிதான் வெள்ளையாக வரும், அதற்கு வாரங்கள் வேண்டும். கருமுடிகள் மட்டும் திடீரென்று கொட்டிவிட்டால், ஏற்கெனவே இருந்த நரை பளிச்சென்று தெரியும். கதைகள் அங்கிருந்து வந்திருக்கலாம். வயதில் வரும் நரைக்குக் காரணம் மூலச் செல்கள். அவை முடிக்காலுக்குள் மேலும் கீழும் நகர்ந்து வேலை செய்ய வேண்டியவை. வயதாகும்போது நடுவழியில் சிக்கிக்கொள்கின்றன என்று 2023இல் எலிகளில் காட்டினார்கள்.

"வெயிலுக்கே போகல, ஆனாலும் உள்ளங்கை ரேகையும் ஈறும் கருத்துட்டு வருது. ஏன்?"

பலருக்கு ஈறு பிறவியிலேயே கருப்பாக இருக்கும், அது இயல்பு. புதிதாகக் கருத்து, கூடவே சோர்வு, எடை குறைவு, தலைசுற்றல், உப்புமேல் ஆசை எல்லாம் இருந்தால் மருத்துவரிடம் அட்ரீனல் சுரப்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். 1855இல் தாமஸ் அடிசன் விவரித்த நோய் இது. அட்ரீனல் சுரப்பி சோர்ந்ததும், அதை உசுப்ப பிட்யூட்டரி ஏசிடிஹெச் ஹார்மோனை அள்ளிக் கொட்டும். ஏசிடிஹெச்சும் ஆல்ஃபா எம்எஸ்ஹெச்சும் ஒரே பெரிய புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. அதனால் ஏசிடிஹெச் மெலனோசைட்டின் அதே ஏற்பியில் ஒட்டி நிறமியைக் கூட்டுகிறது. டிகேகே1 அடக்கி வைத்திருக்கும் உள்ளங்கையின் ரேகைகூடக் கருப்பது அதனால்தான். சரியான ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் நோய் கட்டுப்படும், நிறமும் குறையும்.

"எல்லாரும் வெளுக்க மருந்து கேக்கறாங்க. கருக்க வைக்கிற மருந்து இருக்கா டீச்சர்?"

இருக்கிறது. ஆல்ஃபா எம்எஸ்ஹெச்சைப் போலவே வடிவமைத்த அஃபமெலனோடைடு. ஒரு வகைப் போர்ஃபிரியா நோய் உள்ளவர்களுக்கு வெயில் பட்டாலே தோலில் தாங்க முடியாத வலி வரும். பலர் பகலில் வெளியே வருவதையே விட்டுவிடுவார்கள். அவர்களுக்காக இந்த மருந்துக்கு ஐரோப்பாவில் 2014இலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதி கிடைத்தது. 16 மில்லிகிராம் கொண்ட சின்னக் குச்சி ஒன்றைத் தோலுக்கடியில் வைப்பார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதிது. வெயில் படாமலே மெலனோசைட்டில் சைக்ளிக் ஏஎம்பி கூடி, யூமெலனின் என்ற கருத்த வகை மெலனின் நிறைந்த பைகள் கெரட்டினோசைட்களுக்குப் போய்ச் சேர்ந்து, தோல் கருக்கும். அதன் பிறகு அவர்களால் முன்பைவிட அதிக நேரம் வலியில்லாமல் வெயிலில் இருக்க முடிகிறது.